மன்மோகன் சிங்: கோப்புகளின் வழியே பிரதமர் நாற்காலிக்கு

கேட்கப்பட்ட கேள்வி மூன்று பகுதிகளாக இருக்கிறது. மக்களவைக்கு ஒருமுறைகூடத் தேர்வாகாத பொருளாதாரப் பேராசிரியர் எப்படி நிதியமைச்சரும் பிரதமரும் ஆனார்? 1991 பொருளாதாரச் சீர்திருத்தம் அவருடையதா, நரசிம்ம ராவுடையதா? இவ்வளவு விஷயம் தெரிந்தவர் இரண்டாம் ஆட்சிக்காலத்தில் ஏன் தடுமாறினார்?

முதலில் ஒரு திருத்தம். அவரைப் பேராசிரியர் என்று மட்டும் சொல்வது பாதி உண்மைதான். தில்லி பொருளாதாரப் பள்ளியிலிருந்து 1971இல் அரசுப் பணிக்கு வந்தார். 1991இல் நிதியமைச்சர் ஆனார். இடையிலுள்ள இருபது ஆண்டுகளில் இந்தியப் பொருளாதாரத்தை நடத்திய முக்கியமான நாற்காலிகளில் பெரும்பாலானவற்றில் அவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த இருபது ஆண்டுகளைக் கணக்கில் எடுக்காமல் மூன்று கேள்விகளில் எதற்கும் பதில் சொல்ல முடியாது.

1932 செப்டம்பர் 26 அன்று, இன்று பாகிஸ்தானின் சக்வால் மாவட்டத்தில் இருக்கும் காஹ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். பிரிவினையில் குடும்பம் இடம்பெயர்ந்து அமிர்தசரஸில் குடியேறியது. பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் 1957இல் முதல் வகுப்பில் தேறினார். பிறகு ஆக்ஸ்போர்டு நஃபீல்டு கல்லூரியில் முனைவர் பட்டம்.

அந்த ஆக்ஸ்போர்டு ஆய்வின் பொருள்தான் நமக்கு முக்கியம். 1950களில் தில்லியில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது: நாம் விற்கும் தேயிலைக்கும் சணலுக்கும் பருத்தித் துணிக்கும் உலகில் தேவை அவ்வளவுதான், என்ன செய்தாலும் ஏற்றுமதி பெரிதாக வளராது, ஆகவே இறக்குமதியைக் கட்டுப்படுத்தி உள்நாட்டிலேயே எல்லாவற்றையும் செய்துகொள்ள வேண்டும். 1951 முதல் 1960 வரையிலான ஏற்றுமதிக் கணக்குகளைப் பொருள்வாரியாக எடுத்துப் பார்த்த மன்மோகன் சிங், உலகச் சந்தையின் மந்தத்தைவிட நம்முடைய கொள்கைகளே ஏற்றுமதியை அதிகம் முடக்குகின்றன என்று காட்டினார். 1964இல் அது நூலாக வந்தது. 1950இல் உலக ஏற்றுமதியில் சுமார் 2 சதவீதமாக இருந்த இந்தியாவின் பங்கு 1990இல் அரை சதவீதமாகச் சுருங்கியிருந்தது. 32 வயதில் அச்சில் எழுதியதை நடைமுறைப்படுத்த அவருக்கு 27 ஆண்டுகள் பிடித்தன.

1966 முதல் 1969 வரை ஐ.நா.வின் வர்த்தக வளர்ச்சி அமைப்பில் வேலை. பிறகு தில்லியில் பேராசிரியர். 1971இல் வெளிநாட்டு வர்த்தக அமைச்சகத்தின் பொருளாதார ஆலோசகர். 1972இல் நிதி அமைச்சகத்தின் தலைமைப் பொருளாதார ஆலோசகர். 1976 முதல் 1980 வரை நிதி அமைச்சகச் செயலர். 1980 முதல் 1982 வரை திட்டக் குழுவின் உறுப்பினர் செயலர். 1982 செப்டம்பர் முதல் 1985 ஜனவரி வரை ரிசர்வ் வங்கி ஆளுநர். 1985 முதல் 1987 வரை திட்டக் குழுத் துணைத் தலைவர். அடுத்து ஜெனீவாவில், தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே தலைமையில் வளரும் நாடுகளுக்காக இயங்கிய தெற்கு ஆணையத்தின் பொதுச் செயலர். திரும்பி வந்து பிரதமர் சந்திரசேகரின் பொருளாதார ஆலோசகர், பிறகு பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவர்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு சங்கடம் எழும். தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் அரசின் உரிமம் வேண்டும் என்ற லைசென்ஸ் ராஜ் உச்சத்தில் இருந்த காலம் இது. அதை உடைத்தவர் என்று பெயர் பெற்றவர் அதை நடத்தியவர்களில் ஒருவராகவும் இருந்தார். இதை மறைக்கத் தேவையில்லை. 1973-74இல் விலைவாசி ஓராண்டில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியபோது, 1974 ஜூலையில் கூடுதல் பஞ்சப்படியின் ஒரு பகுதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்து, நிறுவனங்களின் ஈவுத்தொகைக்கும் வரம்பு போட்டு பணவீக்கத்தை அடக்கினார்கள். அப்போது தலைமைப் பொருளாதார ஆலோசகர் அவர்தான். கசப்பு மருந்தைக் கொடுக்கும் அரசு என்னென்ன எதிர்ப்பைச் சந்திக்கும் என்பதை அங்கேயே பார்த்துவிட்டார். எந்த மாற்றத்துக்கு நாடாளுமன்றச் சட்டம் வேண்டும், எதை ஒரு அறிவிக்கையால் செய்யலாம், எதை ரிசர்வ் வங்கியின் ஒரு அறிவிப்பால் முடிக்கலாம், எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்ற அறிவு வகுப்பறையில் கிடைக்காது. 1991இல் அவருக்குக் கைகொடுத்தது கேம்பிரிட்ஜ் பட்டத்தைவிட இந்த அறிவுதான் என்பது என் உறுதியான கருத்து.

1991 ஜூன் 21 அன்று நரசிம்ம ராவ் பிரதமராகப் பதவியேற்றார். நிதியமைச்சர் பதவிக்கு முதலில் அணுகப்பட்டவர் ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ஐ.ஜி. படேல். அவர் மறுத்துவிட்டார். அடுத்த பெயர் மன்மோகன் சிங். செய்தியைக் கொண்டு சேர்த்தவர் இந்திரா காந்தியின் முதன்மைச் செயலராக இருந்த பி.சி. அலெக்சாண்டர். அரசமைப்புச் சட்டத்தின் 75(5) பிரிவின்படி நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாத ஒருவரும் அமைச்சராகலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு அவைக்குத் தேர்வாகிவிட வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் அஸ்ஸாமிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானார். மாநிலங்களவை உறுப்பினரை அந்த மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சி தன் இடத்தைக் கொடுத்தால் போதும், மக்களிடம் வாக்குக் கேட்கும் சுமை இல்லை. அந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதிவாகியிருக்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது; அதற்காகக் குவாஹாட்டியில் வாடகை முகவரி வைத்திருந்தார். 2003 சட்டத் திருத்தம் அந்த விதியை நீக்கிவிட்டது. முதல் கேள்விக்கான சட்டரீதியான பதில் இவ்வளவுதான்.

இனி 1991 ஜூலை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கட்டுரைகள் பட்ஜெட் உரையோடு நின்றுவிடுகின்றன. முக்கியமான வேலைகளில் பாதி பட்ஜெட்டுக்கு முன்பே முடிந்துவிட்டன.

நோய் 1980களில் தொடங்கியது. வரவுக்கு மேல் செலவு செய்து, வெளிநாடுகளில் குறுகிய காலக் கடன் வாங்கிக் காலம் ஓட்டினோம். 1990-91இல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கு மேல். 1990 ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் நுழைந்ததும் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் குறைந்தது. வெளிநாடு வாழ் இந்தியர்கள் வங்கி வைப்புகளைத் திரும்ப எடுக்கத் தொடங்கினார்கள். 1991 ஜனவரியில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 120 கோடி டாலர். ஜூனில் இரண்டு வார இறக்குமதிக்குத்தான் பணம் இருந்தது. செலாவணியை மிச்சம்பிடிக்க, இறக்குமதிக்குக் கடன் உறுதிக் கடிதம் (விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி) திறப்பவர்கள் சரக்கு மதிப்பில் 200 சதவீதம்வரை முன்பணம் கட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நெருக்கியது. அதனால் இறக்குமதி குறைந்தது, கூடவே மூலப்பொருள் கிடைக்காமல் தொழிற்சாலைகளும் முடங்கின.

தங்கத்தைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். தங்கம் வெளியே போனது இரண்டு முறை. முதல் முறை 1991 மே மாதம், சந்திரசேகரின் காபந்து அரசில். கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த 20 டன், திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு, பாரத ஸ்டேட் வங்கி வழியாக விற்கப்பட்டது. கிடைத்தது சுமார் 20 கோடி டாலர். அப்போது மன்மோகன் சிங் நிதியமைச்சர் இல்லை. இரண்டாவது முறை ஜூலையில். ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்திலிருந்து சுமார் 47 டன், இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்து சுமார் 40.5 கோடி டாலர் பெற்றார்கள். அப்போது ஆளுநராக இருந்தவர் எஸ். வெங்கிடரமணன். தொகை சிறிதுதான். ஆனாலும் இந்தியா தவணை தவறாது என்று கடன் கொடுத்தவர்களுக்குக் காட்ட அது உதவியது. அந்தக் கடன் ஆண்டு முடிவதற்குள் அடைக்கப்பட்டது. 2009இல், மன்மோகன் சிங் பிரதமராக இருந்தபோது, ரிசர்வ் வங்கி சர்வதேச நிதியத்திடமிருந்து 670 கோடி டாலருக்கு 200 டன் தங்கம் வாங்கியது.

அடுத்தது நாணய மதிப்புக் குறைப்பு. 1966இல் இந்திரா காந்தி டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்ததை ஒரே அடியில் 7.50 ஆக்கி, சொந்தக் கட்சிக்குள்ளேயே வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த நினைவு காங்கிரஸில் எவருக்கும் அகலவில்லை. ஆகவே இம்முறை இரண்டு தவணை: ஜூலை 1 அன்று சுமார் 9 சதவீதம், ஜூலை 3 அன்று சுமார் 11 சதவீதம். 21 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டாலர் 26 ரூபாயை நெருங்கியது. முதல் தவணைக்கு எதிர்ப்பு எவ்வளவு என்று பார்ப்பது ஒரு காரணம். ஆனால் இந்த முறையில் ஒரு ஆபத்து உண்டு. முதல் குறைப்பைப் பார்த்ததும் இறக்குமதியாளர்கள் எல்லாரும் அடுத்தது வருவதற்குள் டாலரை வாங்கிவிட ஓடுவார்கள், ஏற்றுமதியாளர்கள் தங்கள் டாலரைக் கொண்டுவராமல் தள்ளிப்போடுவார்கள். இடைவெளி நீண்டால் கையிருப்பு மொத்தமாகக் காலியாகிவிடும். அதனால்தான் நடுவில் ஒரே ஒரு நாள்.

முதல் தவணைக்கே கண்டனம் பலமாக எழுந்தது. ஜூலை 3 காலையில் ராவ் இரண்டாவதை நிறுத்தச் சொன்னார். மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் சி. ரங்கராஜனை அழைத்தபோது, அறிவிப்பு ஏற்கெனவே போய்விட்டது என்ற பதில் வந்தது.  இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது வழிமுறையை. செலாவணி விகிதத்தை மாற்ற நாடாளுமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை, ரிசர்வ் வங்கி அறிவித்தால் போதும். பெரும்பான்மை இல்லாத அந்த அரசு ஜூலை நடுவில்தான் நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தது. ரூபாயின் மதிப்பு அதற்கு முன்பே மாறிவிட்டது.

மதிப்புக் குறைப்பின் கையோடு ஏற்றுமதிக்கான ரொக்க ஈட்டு மானியம் ரத்தானது. வர்த்தக அமைச்சர் ப. சிதம்பரம், செயலர் மாண்டேக் சிங் அலுவாலியா. ஏற்றுமதியாளர்களிடமிருந்து மானியத்தைப் பறித்தால் கூச்சல் எழும் என்ற தயக்கம் இருந்தது. கணக்கு எளிமையானது: ஒரு டாலருக்கு முன்பைவிட ஏறத்தாழ ஐந்து ரூபாய் கூடக் கிடைக்கிறது, மானியம் தந்த ஆதாயத்தை ரூபாயின் வீழ்ச்சியே தந்துவிடுகிறது. கஜானாவுக்கு மிச்சம். அதோடு ஏற்றுமதி மதிப்பில் 30 சதவீதத்துக்கு இறக்குமதி செய்துகொள்ளும் உரிமைச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். ‘எக்ஸிம் ஸ்கிரிப்’ என்ற அந்தச் சீட்டைச் சந்தையில் விற்கலாம். இறக்குமதி செய்ய அதிகாரியின் தயவு தேவை என்ற நிலை போய், சீட்டை விலைக்கு வாங்கினால் போதும் என்றாயிற்று. யாருக்கு எவ்வளவு என்று கோட்டா போட்டுக் கொடுத்த அதிகாரம் இப்படித்தான் கரையத் தொடங்கியது.

ஜூலை 24 அன்று இரண்டு ஆவணங்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. மதியத்தில் புதிய தொழில் கொள்கை. தொழில் துறை ராவின் கையில் இருந்ததால் இணை அமைச்சர் பி.ஜே. குரியன் அதை அவையில் வைத்தார். 18 தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு உரிமம் தேவையில்லை. பொதுத்துறைக்கென ஒதுக்கிய தொழில்கள் 17லிருந்து 8 ஆகக் குறைந்தன. 100 கோடி ரூபாய்க்கு மேல் சொத்துள்ள நிறுவனங்கள் விரிவாக்கத்துக்குத் தனி அனுமதி பெற வேண்டும் என்ற ஏகபோகத் தடைச் சட்டக் கெடுபிடி நீங்கியது. 34 முன்னுரிமைத் தொழில்களில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீடு தானாகவே அனுமதிக்கப்பட்டது. இதன் வரைவு முதலில் அமைச்சரவையில் தடுக்கி நின்றது. உள்ளடக்கத்தைத் தொடாமல், நேரு, இந்திரா, ராஜீவ் வழியின் தொடர்ச்சி இது என்று ஒரு முன்னுரை சேர்த்ததும் கதவு திறந்தது. ராவின் கைத்திறம் அது.

மாலையில் பட்ஜெட். நிதிப் பற்றாக்குறையை ஒரே ஆண்டில் 6.5 சதவீதத்துக்குக் கொண்டுவரும் இலக்கு. பெட்ரோல், சமையல் எரிவாயு விலை 20 சதவீதம் ஏற்றம். கம்பெனி வரி 40லிருந்து 45 சதவீதம். பலர் நினைப்பதுபோல அந்த பட்ஜெட் முதலாளிகளுக்கு வரியைக் குறைக்கவில்லை. சுங்க வரியின் உச்சம் 150 சதவீதமாக்கப்பட்டது; அடுத்தடுத்த ஆண்டுகளில் 110, 85, 65 என்று இறங்கி 1995இல் 50க்கு வந்தது. உள்நாட்டுத் தொழில் மூச்சுத் திணறாமல் பழகிக்கொள்ள அந்தப் படிக்கட்டு உதவியது.

தவறிய இடமும் அதே பட்ஜெட்டில்தான் இருக்கிறது. உர விலையைச் சராசரியாக 40 சதவீதம் ஏற்றினார்கள். காங்கிரஸ் உறுப்பினர்களே கொதித்தார்கள். இரண்டு வாரத்தில் ஏற்றத்தை 30 சதவீதமாகக் குறைத்து, சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் கொடுத்தார்கள். மூட்டை விற்கும் கடையில் யார் சிறு விவசாயி என்று எப்படிப் பிரிப்பது? நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. 1992 ஆகஸ்டில் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களின் விலைக்கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, யூரியாவை மட்டும் கட்டுப்பாட்டில் வைத்து விலையையும் 10 சதவீதம் குறைத்தார்கள். விளைவு வயலில் தெரிந்தது. தழை, மணி, சாம்பல் சத்துகள் 4:2:1 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. 1991-92இல் ஏறத்தாழ 6:2.4:1 ஆக இருந்த பயன்பாடு மறு ஆண்டே 9.5:3.2:1 ஆனது. விவசாயி மலிவான யூரியாவையே கொட்டினார். மூன்றில் இரண்டின் விலையை மட்டும் விடுவித்த பாதிச் சீர்திருத்தத்தின் விலையை மண் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பட்ஜெட்டுக்குப் பிறகு நடந்தவற்றில் மிக நேர்த்தியானது ரூபாயைச் சந்தைக்குத் திறந்துவிட்ட முறை. 1992 மார்ச்சில் இரட்டை விகிதம். ஏற்றுமதியாளர் ஈட்டும் 100 டாலரில் 40 டாலரை அரசு விகிதத்தில் ஒப்படைக்க வேண்டும்; கச்சா எண்ணெய், உரம், உயிர்காக்கும் மருந்து போன்றவற்றின் இறக்குமதிக்கு அது பயன்படும். மீதி 60 டாலரைச் சந்தை விலைக்கு விற்கலாம். அந்த 40 சதவீதம் ஏற்றுமதியாளர் மீது போட்ட மறைமுக வரிதான். அதனால் நீண்ட நாள் வைத்திருக்க முடியாது. ஆனால் சந்தை விலை எங்கே போய் நிற்கும் என்று ஓராண்டு பார்த்துக்கொள்ள அது வாய்ப்புக் கொடுத்தது. பயந்ததுபோல ரூபாய் சரிந்து ஓடவில்லை. 1993 மார்ச்சில் இரண்டு விகிதங்களும் ஒன்றாயின. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்கில், அதாவது சரக்கு, சேவை வர்த்தகம் போன்ற அன்றாட வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளில், ரூபாய் முழுமையாக மாற்றத்தக்கதானது. 1995 மார்ச்சில் கையிருப்பு 2,500 கோடி டாலர்.

1994 செப்டம்பர் ஒப்பந்தம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அது உரிமம் ஒழிப்புக்கு நிகரானது. அதுவரை மத்திய அரசுக்குப் பணம் தேவைப்பட்டால் தற்காலிகக் கருவூலப் பத்திரம் எழுதிக் கொடுத்து ரிசர்வ் வங்கியிடம் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். சுருக்கமாகச் சொன்னால் நோட்டு அச்சடிப்பது. அப்போது ஆளுநராகிவிட்ட ரங்கராஜனும் நிதி அமைச்சகமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இந்தப் பழக்கம் 1997க்குள் ஒழிக்கப்பட்டது. தன் கையைத் தானே கட்டிக்கொள்ளச் சம்மதித்த நிதியமைச்சர் முன்பு ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தவர் என்பது தற்செயல் இல்லை. ராஜா செல்லையா குழு வரி அமைப்பை மறுவரைவு செய்ததும், 1994இல் தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு என்ற மூன்று சேவைகளுக்கு 5 சதவீதத்தில் சேவை வரி தொடங்கியதும் இதே காலத்தில்தான்.

கறைகளும் உண்டு. 1992 ஏப்ரலில் ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்தது. வங்கிகளுக்கு இடையிலான அரசுக் கடன் பத்திர வணிகத்தில் இருந்த ஓட்டை வழியாகப் பணம் பங்குச் சந்தைக்குப் பாய்ந்தது. சந்தையைத் திறந்த வேகத்துக்குக் கண்காணிப்பு வரவில்லை. நாடாளுமன்றக் கூட்டுக்குழு அறிக்கைக்குப் பிறகு அவர் ராஜினாமா கொடுத்தார், ராவ் ஏற்கவில்லை. நிதிப் பற்றாக்குறையும் 1993-94இல் மறுபடி 7 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

ஆக, யாருடைய சீர்திருத்தம்? என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது மன்மோகன் சிங்குடையது. அவர் மட்டுமல்ல, அலுவாலியா, ரங்கராஜன், சிதம்பரம் என்று ஒரு அணியே இருந்தது, திட்டக் குறிப்புகளில் பல 1990லேயே தயாராக இருந்தன. செய்ய முடியும் என்ற நிலையை உருவாக்கியது ராவ். கட்சியைச் சமாளிப்பது, எதிர்க்கட்சித் தலைவர்களோடு பேசுவது, திட்டு வாங்குவது எல்லாம் அவர் வேலை. முடிவின் நுணுக்கமும் முடிவின் அரசியலும் இரண்டு பேரிடம் இருந்தன. இருவரும் ஒரே திசையில் நடந்தார்கள். அரசியலைச் சுமந்தவர் பதவியிலும் மேலே இருந்தார். இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது கேள்விக்கான பதில் இதில்தான் இருக்கிறது.

1996க்குப் பிறகு எதிர்க்கட்சி வரிசை. 1998 முதல் 2004 வரை மாநிலங்களவையில் எதிர்க்கட்சித் தலைவர். 1999இல் தெற்கு தில்லியில் மக்களவைக்குப் போட்டியிட்டு பாஜகவின் விஜய் குமார் மல்ஹோத்ராவிடம் சுமார் 30,000 வாக்குகளில் தோற்றார். அதன் பிறகு நேரடித் தேர்தலில் நிற்கவே இல்லை.

2004இல் காங்கிரஸுக்குக் கிடைத்தது 145 இடங்கள். சோனியா காந்தி பிரதமர் பதவியை ஏற்க மறுத்து மன்மோகன் சிங்கை முன்னிறுத்தினார். மே 22 அன்று பதவியேற்பு. இப்போது 1991இன் அமைப்பு தலைகீழானது. நுணுக்கம் தெரிந்தவர் பதவியில் மேலே. அரசியல் அதிகாரம் பதவிக்கு வெளியே, கட்சித் தலைவரிடம். அவர் தலைமையில் தேசிய ஆலோசனைக் குழு ஒன்று தனியாக இயங்கியது. இடதுசாரிகளின் சுமார் 60 உறுப்பினர்கள் வெளியிலிருந்து ஆதரவு. குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் என்ற எழுத்து ஒப்பந்தம். கூட்டணிக் கட்சிகளின் அமைச்சர்கள் யார் என்பதை அந்தந்தக் கட்சித் தலைமைகளே முடிவு செய்தன. பிரதமரின் மிகப் பெரிய ஆயுதம் அமைச்சரை மாற்றும் அதிகாரம். அது அவர் கையில் பாதிதான் இருந்தது.

ஆனாலும் முதல் ஐந்தாண்டு நன்றாக ஓடியது. இடதுசாரிகளும் ஆலோசனைக் குழுவும் நெருக்கியதில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. 2005-06 முதல் மூன்று ஆண்டுகள், அன்றைய கணக்கின்படி, வளர்ச்சி 9 சதவீதத்துக்கு மேல். வருவாய் பெருகியதால் நலத்திட்டங்களுக்குப் பணம் இருந்தது, சண்டைக்குக் காரணம் குறைவு.

அவர் தன் பதவியைப் பணயம் வைத்தது ஒரே ஒரு முறை, அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டுக்காக. 2005 ஜூலையில் கூட்டறிக்கை. 2008 ஜூலையில் இடதுசாரிகள் ஆதரவை விலக்கினார்கள். ஜூலை 22 நம்பிக்கை வாக்கெடுப்பில் 275க்கு 256 என்று தப்பினார். செப்டம்பரில் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் தங்கள் வர்த்தகத் தடையிலிருந்து இந்தியாவுக்கு விலக்குக் கொடுத்தன, அக்டோபரில் கையெழுத்து. பொருளாதாரத்துக்கு வெளியே, இவ்வளவு பிடிவாதமாக அவரை வேறு எங்கும் பார்க்க முடியாது. 2009இல் காங்கிரஸ் 206 இடங்கள் பெற்றது. முழு ஐந்தாண்டு முடித்து மறுபடி பிரதமரானவர் நேருவுக்குப் பிறகு அவரே.

தடுமாற்றத்தின் விதை 2008இலேயே விழுந்தது. உலக நிதி நெருக்கடி வந்ததும் டிசம்பரில் உற்பத்தி வரியை 4 சதவீதப் புள்ளி குறைத்தார்கள். ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டியை 9லிருந்து 4.75 சதவீதத்துக்கு இறக்கியது. விவசாயக் கடன் தள்ளுபடி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சரியான மருந்துதான். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தவில்லை. 2009-10இல் நிதிப் பற்றாக்குறை 6.5 சதவீதத்தை ஒட்டியது. 2011 முதல் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல் நின்றது. டீசல் விலையை ஏற்றாமல் மானியத்தில் ஓட்டினார்கள். நுகர்வோர் விலைகள் ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்ற வேகத்தில் ஏறின. பணவீக்கத்துக்கு அஞ்சி மக்கள் சேமிப்பைத் தங்கத்தில் போட்டார்கள், தங்க இறக்குமதி ஏறியது, 2012-13இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதத்துக்குப் போனது. 1991ஐ நடத்திக் காட்டிய மனிதருக்கு இந்தச் சங்கிலி தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் நிதி அமைச்சகம் பிரணாப் முகர்ஜியிடம் இருந்தது. முக்கிய முடிவுகள் அமைச்சர் குழுக்களுக்குப் போயின. பழைய பரிவர்த்தனைகளுக்கும் வரி கேட்ட 2012இன் முன்தேதியிட்ட வரிச் சட்டத் திருத்தம் அந்தக் காலத்தின் பிள்ளை.

ஊழல் குற்றச்சாட்டுகளிலும் இதே கோளாறுதான். செல்பேசி நிறுவனங்களுக்கு 2ஜி அலைக்கற்றை ஒதுக்கிய விவகாரத்தில், வெளிப்படையாகச் செய்யுங்கள், ஏலத்தையும் பரிசீலியுங்கள் என்ற பொருளில் 2007 நவம்பரில் தொலைத்தொடர்பு அமைச்சருக்குப் பிரதமர் கடிதம் எழுதினார். அமைச்சர் அன்றே பதில் எழுதிவிட்டுத் தன் வழியில் போனார். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. குற்ற வழக்கில் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. குற்றம் நிரூபணமானதா என்பது ஒரு கேள்வி. பிரதமரின் கடிதம் ஏன் உத்தரவாகவில்லை என்பது வேறு கேள்வி. நிலக்கரிச் சுரங்கங்களை ஏலமின்றி ஒதுக்கிய விவகாரத்தில் அவருக்கு அந்தச் சாக்கும் இல்லை. 2006 முதல் 2009 வரை அந்தத் துறை அவரிடமே இருந்தது. ஏலமுறை வேண்டும் என்ற யோசனை 2004லேயே கோப்பில் இருந்தது. சட்டம் திருத்தப்பட்டது 2010இல். இடையில் தேர்வுக் குழு வழியே ஒதுக்கீடுகள் தொடர்ந்தன. 2014இல் உச்ச நீதிமன்றம் 214 சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. மாநில அரசுகள் ஏலத்தை எதிர்த்தன என்று அவர் சொன்ன காரணம் உண்மைதான், போதுமானது இல்லை. அறிவிக்கையால் முடிகிற வேலையை மின்னலாகச் செய்தவர், பத்து முதலமைச்சர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டிய வேலையில் ஆறு ஆண்டுகளை விட்டுவிட்டார்.

கடைசி ஆண்டுகளில் பழைய கை மறுபடி தெரிந்தது. 2012 செப்டம்பரில் டீசல் விலையேற்றம், பலபொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீடு. திரிணமூல் காங்கிரஸ் வெளியேறியும் பின்வாங்கவில்லை. 2013 ஜனவரியிலிருந்து டீசலை மாதம் சுமார் 50 காசு ஏற்றும் முறை. 1991இல் உரத்தில் ஒரே அடியாக ஏற்றிப் பட்ட அனுபவத்துக்கு எதிர்த்திசை இது. மாதாமாதம் ஏறியதை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. 2014 அக்டோபரில் அடுத்த அரசு டீசலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தபோது கடக்க வேண்டிய இடைவெளியே மிச்சமில்லை.

2013 ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. நோய் ஏறத்தாழ 1991இன் நோய்தான். ஆனால் இம்முறை ஒரு துணை ஆளுநரை அவசரமாகத் தொலைபேசியில் தேட வேண்டியிருக்கவில்லை. விகிதத்தைச் சந்தையே மாற்றிக்கொண்டது. கையிருப்பில் 27,500 கோடி டாலர் இருந்தது. தங்கத்தின் மீது சுங்க வரி 10 சதவீதமானது. செப்டம்பரில் ஆளுநராக வந்த ரகுராம் ராஜன், வங்கிகள் வெளிநாடு வாழ் இந்தியர்களிடம் திரட்டும் டாலர் வைப்புகளைச் சலுகை விகிதத்தில் ரூபாயாக மாற்றிக் கொடுத்தார். சுமார் 2,600 கோடி டாலர் வந்தது. 2013-14இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 1.7 சதவீதத்துக்கு இறங்கியது. 2014 மே மாதம் அவர் பதவியிலிருந்து இறங்கும்போது டாலர் 60 ரூபாய்க்குள் திரும்பியிருந்தது.